அக்கரையில இருந்த தூதர்

மாரியோ ஜெனாரிங்கற பேரை எங்க ராமேஸ்வரம் தீவுல போய்க் கேட்டா பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனா 2004ல இருந்து 2008 முடியற வரைக்கும், அதாவது அக்கரையில சண்டை மறுபடி பத்திக்கிட்டு, மன்னார், பேசாலை, தலைமன்னார் சனமெல்லாம் ராவோட ராவா படகேறி நம்ம தனுஷ்கோடிக்கு வெளிய இருக்கற மணல் தீடையில வந்து இறங்குச்சே, அந்தக் காலம் பூராவும் கொழும்புல போப்பாண்டவரோட தூதரா இருந்தவரு இவருதான். அதுக்கு முன்னாடி ஐவரி கோஸ்ட்ல இருந்தாரு, அங்க உள்நாட்டுப் போர். இங்க இருந்து சிரியாவுக்குப் போனாரு, அங்க நடந்தது உலகத்துக்கே தெரியும். ஒரு மனுசனோட உத்தியோகத்துல மூணு யுத்தம். தமிழ்ல இவரைப் பத்தி விரிவா எழுதி நான் பாக்கல, நம்ம கரைக்காரங்க யாராச்சும் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு, அதான் எழுதறேன்.

முதல்ல இந்தத் தூதர் வேலைன்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா கத்தோலிக்கக் குடும்பத்துல பொறந்து வளந்தவங்களுக்கே இது சரியாத் தெரியறதில்ல. அமெரிக்கத் தூதர்னா அவரு பின்னாடி கப்பற்படை இருக்கு, டாலர் இருக்கு, விசா இருக்கு. போப்போட தூதருக்குப் பின்னாடி என்ன இருக்கு? வத்திக்கான் மொத்தமே 44 ஹெக்டேர், ஏறக்குறைய 109 ஏக்கர். நம்ம கச்சத்தீவு 285 ஏக்கர்னு சொல்றோம்ல, அதுல பாதிகூட வராது. அந்தத் துண்டு நிலமும் 1929ல தான் தனி நாடா ஆச்சு. 1870ல இத்தாலிக்காரங்க ரோமாபுரியப் பிடிச்சதுல இருந்து 1929 வரைக்கும் போப்புக்குன்னு ஒரு அடி நாடு கிடையாது, ஆனா அப்பவும் தூதர்கள் போய்க்கிட்டுதான் இருந்தாங்க, மத்த நாடுகளும் ஏத்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஏன்னா தூதர் அனுப்பறது வத்திக்கான்ங்கற ஊரு இல்ல, திருப்பீடம், அதாவது போப்போட தலைமைப் பீடம். 1961ல வியன்னாவுல தூதரக உறவுக்குன்னு ஒப்பந்தம் போட்டப்பகூட, 14வது பிரிவுல தூதர்கள்னு சொல்ற அதே வரியில நுன்சியோன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க, போப்போட தூதருக்கு அதான் பேரு. பல நாட்டுல தூதர்களுக்கெல்லாம் மூத்தவரா முதல் நாற்காலி இவருக்குத்தான்.

இவங்களைப் பழக்கறதுக்கு ரோமாபுரியில 1701ல இருந்து ஒரு பள்ளி இருக்கு. எங்கயோ ஒரு மறைமாவட்டத்துல இருந்து (ஆயர், அதாவது பிஷப், ஒருத்தரோட பொறுப்புல இருக்கற பகுதி) இளம் சாமியார் ஒருத்தரை எடுத்து, திருச்சபைச் சட்டம், மொழிகள், சர்வதேசச் சட்டம் எல்லாம் படிக்க வச்சு, ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்துல செயலாளராப் போட்டுடுவாங்க. அப்புறம் சில வருசத்துக்கு ஒருமுறை ஊர் மாத்தம். 2020ல போப் பிரான்சிஸ் ஒரு விதி கொண்டுவந்தாரு, இனிமே இங்க படிக்கறவங்க ஒரு வருசம் கஷ்டப்பட்ட இடத்துல போய் மறைப்பணி செஞ்சுட்டுத்தான் தூதரக வேலைக்கு வரணும்னு. எனக்கு அது ரொம்பச் சரின்னு படுது. கடைசியில நுன்சியோ ஆகறப்ப பேராயர் பட்டம் கொடுப்பாங்க, ஆனா அவரு ஆள்றதுக்கு மறைமாவட்டம் இருக்காது. எப்பவோ ஒரு காலத்துல ஆயர் இருந்து அழிஞ்சுபோன பழைய ஊரோட பேரை அவருக்குக் கொடுப்பாங்க. தன்னோட பங்குன்னு சொல்லிக்க ஒரு கோயில் கிடையாது, நம்ம சனம்னு சொல்லிக்க ஆளு கிடையாது, பொறந்த ஊர்லயும் இருக்க முடியாது. இதை யோசிச்சுப் பாத்தா எனக்கு மனசு கனத்துப் போகுது. நம்ம பங்குச்சாமிக்காவது மாதா திருவிழாவுல சப்பரம் தூக்க நாலு பேரு கூடவே நிப்பாங்க.

அந்தந்த நாட்டுத் திருச்சபைக்கும் இவருக்கும் இன்னொரு பெரிய தொடர்பு இருக்கு, ஆயர் தேர்வு. எங்க சிவகங்கை மறைமாவட்டம் 1987ல மதுரையில இருந்து பிரிஞ்சது, ராமநாதபுரம் கரை பூரா அதுலதான் வருது. 2020ல ஆயர் சூசைமாணிக்கம் ஓய்வு பெற்றதுக்கு அப்புறம் 2023ல லூர்து ஆனந்தம் ஆண்டவர் வர்ற வரைக்கும் எங்களுக்கு ஆயர் இல்ல. அந்த மாதிரி நேரத்துல டெல்லியில இருக்கற போப்போட தூதர்தான் ரகசியமா சாமியார்கள், பொதுநிலையினர்னு பலபேருக்கு கேள்வித்தாள் அனுப்பி விசாரிச்சு, மூணு பேரு பேரைத் தேர்ந்து ரோமாபுரிக்கு அனுப்பணும். கேள்வித்தாள் வந்ததையே வெளிய சொல்லக்கூடாது. தெரு முனையில டீ குடிச்சுக்கிட்டே அடுத்த ஆயர் யாருன்னு நாங்க பேசிக்கிட்டிருந்த நேரத்துல, எங்கயோ ஒரு மேசையில எங்க கரையைப் பத்தி ஒரு வெளிநாட்டுக்காரர் படிச்சுக்கிட்டிருந்திருப்பாரு.

நம்ம கரைக்கும் இந்த வேலைக்கும் பழைய தொடர்பு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லாமப் போனா மனசு ஆறாது. ஜெனாரிக்கு ரொம்ப முன்னாடி லதிஸ்லாஸ் ஜலெஸ்கின்னு ஒருத்தர், இப்ப லிதுவேனியான்னு சொல்ற பகுதியில பொறந்தவரு, 1892ல இருந்து 1916 வரைக்கும் இந்தியா, இலங்கை எல்லாத்துக்கும் சேத்து போப்போட பிரதிநிதியா இருந்தாரு. இந்த மண்ணுக்கு இந்த மண்ணோட புள்ளைங்கதான் குருவா வரணும்னு போப் பதிமூணாம் லியோ நெனச்சாரு, அதுக்காக 1893ல கண்டியில ஒரு பெரிய குருமடம் தொடங்குனாங்க, அதை நின்னு கட்டி எழுப்பினது இந்த ஜலெஸ்கிதான். ஓய்வு நேரத்துல நம்ம நாட்டுச் செடிகொடியெல்லாம் பாத்துப் பாத்து வரைஞ்சு வச்சிருக்காரு. 1914ல போட் மெயில் வந்தப்புறம் இந்தியாவுல இருந்து கண்டிக்குப் படிக்கப் போற குருமாணவங்களுக்கு வழி நம்ம தனுஷ்கோடிதான், ரயில்ல வந்து இறங்கி கப்பல்ல தலைமன்னார் போய் மறுபடி ரயில். 1955ல அந்தக் குருமடத்தைப் புனேவுக்கு மாத்திட்டாங்க, 1964 புயல்ல தனுஷ்கோடியும் போயிருச்சு. இன்னைக்கு அங்க இடிஞ்சு நிக்கற தேவாலயத்துக்கு முன்னாடி செல்ஃபி எடுக்கற கூட்டத்துக்கு இந்தக் கதையெல்லாம் யாரு சொல்றது.

சரி, ஜெனாரிக்கு வர்றேன். 1946 ஜனவரி 5, இத்தாலியில வெரோனா பக்கம் ரோசெகாஃபெர்ரோன்னு ஒரு கிராமத்துல பொறந்தாரு. 1970ல குருப்பட்டம். 1980ல தூதரகப் பணிக்கு வந்தாரு. செனகல், லைபீரியா, கொலம்பியா, ஜெர்மனி, ருமேனியான்னு சுத்தி, வியன்னாவுல அணுசக்தி முகமை மாதிரி சர்வதேச அமைப்புகள்ல திருப்பீடத்தோட பிரதிநிதியா இருந்து, 1999ல ஐவரி கோஸ்ட், நைஜர், புர்கினா ஃபாசோ மூணுக்கும் சேத்து நுன்சியோ ஆனாரு. அந்த வருசக் கடைசியிலயே ஐவரி கோஸ்ட்ல ராணுவப் புரட்சி, 2002ல உள்நாட்டுப் போர். அங்க இருந்து 2004 மே மாசம் இலங்கைக்கு நியமனம். அப்ப இலங்கையில போர்நிறுத்தம் இருந்துச்சு, ஐவரி கோஸ்ட்ல பட்ட பாட்டுக்கு இங்க கொஞ்சம் அமைதியா இருக்கலாம்னு அவருக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்களோ என்னமோ.

டிசம்பர்ல சுனாமி வந்துச்சு. நமக்கு இலங்கைத் தீவே குறுக்க நின்னு காப்பாத்துச்சு, நாகப்பட்டினத்துக்கு வந்தது மாதிரி பாக் நீரிணைக் கரைக்கு வரல. அங்க முல்லைத்தீவு, அம்பாறை, மட்டக்களப்பு, காலின்னு கரையே போச்சு. அதோட போகல, 2006ல போர்நிறுத்தமும் பேருக்குத்தான்னு ஆயிப் போச்சு. மறுபடி தீடையில சனம். நம்ம மீனவங்க கடலுக்குப் போறப்ப பாத்துச் சொல்வாங்க, கடலோரக் காவல்காரங்க போய் ஏத்திக்கிட்டு வருவாங்க, அப்புறம் மண்டபம் அகதி முகாம்.

2006 ஜூன் 17, பேசாலை. கடல்லயும் கரையிலயும் சண்டை நடக்குதுன்னு ஊர் சனம் ஓடிப்போய் வெற்றி அன்னை ஆலயத்துக்குள்ள அடைக்கலம் புகுந்திருக்கு. கோயிலுக்குள்ள கைக்குண்டு விழுந்துச்சு. ஒரு உசுரு போச்சு, நாப்பது பேருக்கு மேல காயம். ஊர்க்காரங்க கடற்படைதான்னு சொன்னாங்க, கடற்படை இல்லன்னுச்சு. கோயிலுக்குள்ள போனா உசுரு மிஞ்சும்னு நம்பி வளந்த சனம் நாங்க, அக்கரையிலயும் இக்கரையிலயும் அதே நம்பிக்கைதான், அந்த நம்பிக்கை அன்னைக்கு ஒடஞ்சுது.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல முகாமுக்கு வந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஒரு பால்மா டின் வச்சிருந்தாங்க, மூடிய சுத்தி பிளாஸ்டிக் தாள் இறுக்கிக் கட்டி. உள்ள பணமோ நகையோ இல்ல, மூணு புள்ளைங்களோட ஞானஸ்நானச் சீட்டு. படகுல தண்ணி அடிச்சு ஒண்ணுல மை பரவிப் போச்சு, பேரு பாதி தெரியுது, ஞானத்தாய் பேரு சுத்தமாத் தெரியல, ஆனா கோயில் முத்திரை மட்டும் ஊதா நிறத்துல பளிச்சுன்னு இருந்துச்சு. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் வீட்டோட போச்சு. புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேக்க வயசுக்கு ஆதாரம்னு கையில இருந்தது இந்தச் சீட்டு மட்டும்தான். ஜெராக்ஸ் எடுக்க நான்தான் கூடப் போனேன். கடைக்காரர் கண்ணாடியில சீட்டைக் கவுத்து வைக்கறப்ப, கசங்கிடப் போகுதுன்னு அந்தம்மா கை நடுங்குச்சு. வெளிய வந்து நின்னப்ப என்கிட்ட கேட்டாங்க.

"தம்பி, கொழும்புல பாப்பரசரிண்ட ஆள் ஒருத்தர் இருக்கிறார்தானே. எங்கட கோயிலுக்குள்ள நடந்தது அவருக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்கும்மா. உங்க ஆயர் ஆண்டவர் எழுதியிருப்பாரு."

"தெரிஞ்சாச் சரி" அப்படின்னாங்க, வேற ஒண்ணும் கேக்கல.

எனக்கு அப்ப கோவம்தான் வந்துச்சு. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, அவரு என்ன படையா அனுப்பப் போறாருன்னு. இப்ப இத்தனை வருசம் கழிச்சு அந்த வேலையைப் பத்திப் படிக்கப் படிக்க, அந்தம்மா கேட்டதுதான் அந்த வேலையோட நடு நரம்புன்னு எனக்குப் படுது. நுன்சியோ செய்யற வேலையில முக்காவாசி இதுதான். இருக்கணும். பாக்கணும். ஆயர்கள், சாமியார்கள், கன்னியர்கள் சொல்றதைக் கேக்கணும். கேட்டதை எழுதி ரோமாபுரிக்கு அனுப்பணும். அரசாங்கத்துக்கிட்ட கதவைச் சாத்திட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசணும். வெளிய வந்து என்ன பேசுனேன்னு சொல்லக்கூடாது. அதனாலதான் ஊருக்கு அவரு ஒண்ணும் செய்யாத மாதிரி தெரியும்.

அந்த நாலரை வருசத்துல அவரு மேசைக்கு என்னென்ன வந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. 2006 ஆகஸ்ட்ல அல்லைப்பிட்டிப் பங்குச்சாமி ஜிம் பிரவுன் காணாமப் போனாரு, கூடப் போன ஆளோட சேத்து, இன்னைக்கு வரைக்கும் எங்கன்னு பதில் இல்ல. 2007 செப்டம்பர்ல மன்னார்ல அகதிகளுக்கு வேலை பாத்த ஃபாதர் பாக்கியரஞ்சித் கிளேமோர் கண்ணிவெடியில செத்தாரு. 2008 ஏப்ரல்ல ஃபாதர் கருணாரத்தினம். அதே ஏப்ரல்ல சண்டை மடுக் கோயிலை நெருங்கவும் மடு மாதா சுரூபத்தையே தூக்கிக்கிட்டு தேவன்பிட்டிக்குப் போனாங்க. எங்க பாட்டி காலத்துல கப்பலேறி மடுத் திருவிழாவுக்குப் போய் வந்தவங்க எங்க ஊர்ல உண்டு, அந்த மாதா எடம்பெயர்ந்துட்டாங்கன்னு கேட்ட அன்னைக்கு எங்க தெருவுல பல வீட்ல அழுகை.

இப்ப எனக்கு உறுத்தற விசயத்துக்கு வர்றேன். 2008 டிசம்பர் 30ந்தேதி ஜெனாரியை சிரியாவுக்கு நியமிச்சு அறிவிப்பு வந்துச்சு. மூணு நாள்ல கிளிநொச்சி விழுந்துச்சு. அடுத்த நுன்சியோ, மால்டா நாட்டுக்காரர் ஜோசப் ஸ்பிடேரி, அவரு பேரு அறிவிச்சது பிப்ரவரி 21. வன்னியில லட்சக்கணக்கான சனம் ஒரு துண்டு நிலத்துல நெருக்கப்பட்டுக்கிட்டு இருந்த நேரத்துலயா ஆள் மாத்துவாங்க? தூதர்களை நாலு அஞ்சு வருசத்துல மாத்தறது வழக்கம்தான், இதுல யாரு மேலயும் சூழ்ச்சின்னு பழி போட முடியாது. தூதரகத்துல பொறுப்பு பாக்க ஆள் எப்பவும் இருப்பாங்கதான். இருந்தாலும் அந்த நாட்டை நாலரை வருசம் பாத்து, ஒவ்வொரு ஆயரையும் பேரு சொல்லிப் பேசத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த அஞ்சு மாசம் அங்க இருந்திருக்கணும்னு நான் இன்னைக்கும் சொல்வேன். பிப்ரவரி 4ந்தேதி போப் பதினாறாம் பெனடிக்ட் புதன்கிழமை சந்திப்புல இலங்கையைப் பத்திக் கவலையோட பேசுனாரு, பொதுசனத்தைக் காப்பாத்துங்க, உதவி போக விடுங்கன்னு கேட்டாரு. எங்களுக்கு பிப்ரவரி 4 அருளானந்தர், அதாவது புனித ஜான் டி பிரிட்டோ, திருநாள். 1693ல அந்த நாள்லதான் ஓரியூர் மண்ணுல அவரை வெட்டுனாங்க. அந்தச் செம்மண்ணை எடுத்து நெத்தியில பூசிக்கிட்டு மே மாசம் வரைக்கும் தினமும் மன்றாடுனோம், நடந்தது நடந்துருச்சு.

சிரியாத் தலைநகர் டமாஸ்கஸ்ல ஜெனாரி போய்ச் சேந்தப்ப அது அமைதியான ஊரு. 2011 மார்ச்சுல கலவரம் ஆரம்பிச்சுது. 2012ல ஒவ்வொரு தூதரகமா பூட்டிக்கிட்டுக் கிளம்புச்சு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், அவரோட சொந்த நாடு இத்தாலிகூட. இவரு கிளம்பல. புயல் வர்றப்ப படகையெல்லாம் கரையேத்திட்டு ஒருத்தர் மட்டும் நங்கூரம் போட்டுக்கிட்டு உள்ளயே நிக்கறது மாதிரி. 2013 நவம்பர்ல ஒருநாள் விடியக்காலையில மோர்ட்டார் குண்டு ஒண்ணு தூதரகக் கூரை மேலயே விழுந்துச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. இந்த வேலையில சாவு தூரத்துல இல்ல. புருண்டியில நுன்சியோவா இருந்த அயர்லாந்துக்காரர் மைக்கேல் கோர்ட்னியை 2003 டிசம்பர்ல கார்ல போய்க்கிட்டு இருக்கறப்பவே சுட்டுக் கொன்னாங்க.

சிரியாவுலயும் அதே கதைதான், பேருதான் வேற. 2013 ஏப்ரல்ல அலெப்போவோட ரெண்டு ஆர்த்தடாக்ஸ் ஆயர்களைக் கடத்துனாங்க, ஜூலையில ரக்காவுல ஃபாதர் பாவ்லோ தல்லோலியோ, டிசம்பர்ல மலூலாவுல இருந்து கன்னியர்கள். கன்னியர்கள் மட்டும் திரும்பி வந்தாங்க. அந்த வருசம் செப்டம்பர் 7ந்தேதி சிரியாவுக்காக உலகம் பூரா உபவாசம் இருக்கச் சொன்னாரு போப் பிரான்சிஸ், எங்க கரையிலயும் இருந்தோம், எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கல.

2016ல பிரான்சிஸ் ஜெனாரியைக் கர்தினால் ஆக்குனாரு, அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கற செவப்பு அங்கிக்காரங்க அவங்கதான். வழக்கமா நுன்சியோ ஒருத்தரைக் கர்தினால் ஆக்குனா வேலையை முடிச்சு ரோமாபுரிக்குக் கூப்பிட்டுக்குவாங்க. இவரைக் கர்தினாலாவே டமாஸ்கஸ்ல இருக்க வச்சாங்க. அந்த அங்கியோட செவப்பு அங்க செத்துப்போன சனத்துக்கான மரியாதைன்னுதான் அவரும் எடுத்துக்கிட்டாரு. அந்த டிசம்பர்லயே போப்போட கடிதத்தைக் கொண்டுபோய் சிரியா அதிபர் அசாத் கையில கொடுத்தாரு. அசாத் கூட உக்காந்து பேசுனதே தப்புன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. குண்டு போடறவன்கிட்ட பேசாம வேற யாருகிட்டப் போய் நிறுத்துன்னு சொல்றது?

அவரு செஞ்சதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது ஆஸ்பத்திரி வேலை. டமாஸ்கஸ்ல ரெண்டு, அலெப்போவுல ஒண்ணு, மூணும் கன்னியர்கள் நடத்துற கத்தோலிக்க ஆஸ்பத்திரி. போர்ல மருந்து இல்லாம, காசு இல்லாம படுத்துப் போச்சு. இவரு முன்ன நின்னு, இத்தாலியத் தொண்டு நிறுவனம் ஒண்ணைச் சேத்துக்கிட்டு, வெளிநாட்டுல இருந்து பணம் திரட்டி, ஏழைங்க எந்த மதமா இருந்தாலும் இலவசமா வைத்தியம்னு தொறந்துவிட்டாரு. வந்தவங்கள்ல பெரும்பாலும் முஸ்லிம்கள். சண்டை ஓஞ்ச பிறகும் அவரு விடாமச் சொல்லிக்கிட்டே இருந்த விசயம், குண்டு நின்னுடுச்சு ஆனா வறுமைங்கற குண்டு இப்பத்தான் விழுதுங்கறது. நாளுக்கு ரெண்டு மணிநேரம் கரண்ட்டு, ரொட்டிக்கு வரிசை, அதுக்கு மேல 2023 பிப்ரவரில பூகம்பம். ஆயர்கள் 75 வயசுல விலகல் கடிதம் கொடுக்கணும், இவருக்கு 2021லயே 75 ஆயிடுச்சு, அப்புறமும் அங்கயேதான் இருந்தாரு. 2024 டிசம்பர் 8 அசாத் ஓடுனப்பவும் அங்க. 2025 மே மாசம் ரோமாபுரி போய் போப் பதினாலாம் லியோவைத் தேர்ந்தெடுத்த கர்தினால்கள்ல ஒருத்தரா ஓட்டுப் போட்டாரு. ஜூன் 22ந்தேதி ஞாயிறு சாயங்காலம் டமாஸ்கஸ்ல மார் எலியாஸ் கோயிலுக்குள்ள பூசை நேரத்துல தற்கொலைக் குண்டு, இருபதுக்கு மேல சாவு. செய்தியில இடிபாட்டுக்கு நடுவுல பெஞ்சுங்க கெடந்ததைப் பாத்தப்ப எனக்குப் பேசாலைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

வத்திக்கான் ஆவணக் காப்பகத்துல ஒவ்வொரு போப்போட காலத்துக் காகிதத்தையும் மொத்தமாத்தான் தொறப்பாங்க. 1958ல செத்த பன்னிரண்டாம் பயஸோட காகிதங்களை 2020 மார்ச்சுலதான் தொறந்தாங்க. அந்தக் கணக்குல பாத்தா, பேசாலை நடந்த 2006 பெனடிக்ட் காலம், அது வெளிய வர இன்னும் அம்பது வருசம்கூட ஆகலாம். அந்தம்மா இருக்கமாட்டாங்க, நானும் இருக்கமாட்டேன். ஆனா அந்த மூணு புள்ளைங்க இப்ப வளந்துட்டாங்க, ஒருத்திக்குக் கல்யாணம் ஆகி அவளுக்கும் புள்ளை இருக்கு. அந்தக் குடும்பத்துலயோ, எங்க தங்கச்சிமடம், பாம்பன், வேர்க்கோடு பக்கத்துலயோ ஒரு புள்ளை இத்தாலிய மொழி படிக்கணும், ரோமாபுரிக்குப் போய் கொழும்புத் தூதரகக் கோப்பைக் கேட்டு வாங்கணும், 2006 ஜூன் மாசத்தைப் பிரிச்சு, அன்னைக்கு அந்தக் கோயிலுக்குள்ள நடந்ததை ஜெனாரி என்னன்னு எழுதி அனுப்புனாருன்னு படிச்சு, தமிழ்ல எல்லாருக்கும் சொல்லணும்.